மதம் என்னும் சொல்

கல்லூரியில் சேர விரும்பும் மாணவர் நிரப்பும் விண்ணப்பத்தில் பெயர், பிறந்த நாள், தந்தையார் பெயர் ஆகியவற்றுக்குக் கீழே 'மதம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பிறந்த தேதியைத் தாயாரிடம் மறுபடியும் கேட்டு எழுதுபவர் உண்டு. தந்தையாரின் ஆண்டு வருமானத்தை எவ்வளவு என்று எழுதுவது என எண்ணித் தயங்குபவரும் உண்டு. இந்தக் கட்டத்தில் மட்டும் பெரும்பாலோர் தயங்குவதில்லை. ஒரு சொல்லை எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுகின்றனர். ஒரே சொல்லில் விடை எழுதிவிடக்கூடிய வினாவா அது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

கடவுள் உண்டா இல்லையா என்பது இங்கே வழக்கு அன்று. எந்த மதம் உயர்ந்தது என்பதும் அன்று. மக்களுடைய வழிபாட்டையும் நம்பிக்கையையும் வழக்கங்களையும் ஆராயப் புகும் கல்வியாளன் கையில் 'மதம்' என்ற சொல் கூரிய கருவியாக இருக்கிறதா, மழுங்கிய கருவியாக இருக்கிறதா என்பதே வினா. மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் இவ்வினா அரை நூற்றாண்டுக்கு மேலாக எழுப்பப்பட்டு வருகிறது. லாகூரில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்த கனடா நாட்டு அறிஞர் வில்பிரட் காண்ட்வெல் ஸ்மித், 1960-களின் தொடக்கத்தில் ஒரு நூல் எழுதினார். 'மதம்' என்ற சொல்லையே ஆராய்ச்சியிலிருந்து விலக்கிவிட்டு, திரண்டு வந்த மரபு என்றும், தனி மனிதரின் உள்ளத்துப் பற்று என்றும் இரண்டாகப் பிரித்துப் பேசவேண்டும் என்பது அவர் கருத்து. கருநாடகத்தைச் சேர்ந்த பாலகங்காதரர், பெல்ஜியத்தில் பணியாற்றிய காலத்தில், 1994-இல் வெளியிட்ட நூலில், எல்லா நாகரிகங்களிலும் மதம் உண்டு என்ற எண்ணமே கிறித்தவ இறையியலிலிருந்து கிளைத்தது என்று வாதிட்டார். 2000-ஆம் ஆண்டில் திமோதி பிட்ஜெரால்டு என்பார், மகாராட்டிரத்தில் அம்பேத்கரைப் பின்பற்றிப் பௌத்தரானவர்களையும் சப்பானியர்களையும் ஆராய்ந்து, இச்சொல் எந்தத் தனிப்பொருளையும் பிரித்துக் காட்டவில்லை, ஆகவே ஆராய்ச்சிக்குப் பயன்படாது என்று முடிவு கூறினார்.

இவர்கள் சொல்வது உண்மையா என்று பார்க்க நாம் கடல் கடந்து போகவேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமையில், பொதியமலையின் அடிவாரத்தில், தாமிரவருணிக் கரையில் உள்ள விக்கிரமசிங்கபுரம் போதும். புலவர்கள் 'சிங்கை' என்று செல்லமாகச் சுருக்கி வழங்கிய ஊர் அது. பாபநாசத்து உலகம்மையைப் பாடிய நமச்சிவாயக் கவிராயர் வாழ்ந்த ஊர். அதைவிடப் பெரும்புகழ் ஒன்றும் அவ்வூருக்கு உண்டு. சிவஞான முனிவர் பிறந்த ஊர் அதுவே.

முனிவரைத் தமிழ் மாணவர் அறிவர். ஆனந்தக் கூத்தருக்கும் மயிலம்மைக்கும் மகனாகப் பிறந்து, முக்களாலிங்கர் என்ற பிள்ளைப்பெயருடன் வளர்ந்து, இளம்பருவத்திலேயே திருவாவடுதுறை மடத்துத் துறவியருடன் சென்று கற்றுத் துறவு பூண்டவர், 1785-இல் மறைந்தவர். இலக்கணம், தருக்கம், காவியம், சித்தாந்தம் என்று அவர் கை வைக்காத துறை குறைவு. சிவஞான போதத்திற்கு அவர் எழுதிய பேருரையே சிவஞான மாபாடியம். மடத்துச் சுவடியாக நெடுங்காலம் காக்கப்பட்டு இருபதாம் நூற்றாண்டில்தான் முழுமையாக அச்சேறிய நூல் அது.

அப்பேருரையில் முனிவர் சமயங்களை வகைப்படுத்துகிறார். புறப்புறச் சமயம், புறச் சமயம், அகப்புறச் சமயம், அகச் சமயம் என்று நான்கு வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஆறு. ஆக இருபத்து நான்கு. எல்லாவற்றுக்கும் நடுவே சைவ சித்தாந்தம். வேதத்தையும் சிவாகமத்தையும் ஒப்புக்கொள்ளும் அளவைக்கொண்டும், இறை, உயிர், தளை என்ற முப்பொருளைப் பற்றிய முடிவைக்கொண்டும் இவ்வட்டங்கள் அமைகின்றன. இந்த அடுக்கின் அழகு ஒருபுறம் இருக்க, அதில் என்னென்ன இருக்கின்றன என்று சற்றே உற்றுப் பாருங்கள்.

புறப்புறச் சமயத்தில் முதலில் நிற்பது உலகாயதம். கண்ணால் கண்டதே உண்மை, உடம்புக்கு வேறாய் உயிர் இல்லை, கடவுள் இல்லை என்பது அதன் கொள்கை. அதுவும் ஒரு சமயம்! பௌத்தத்தை முனிவர் ஒன்றாக எண்ணவில்லை. மாத்தியமிகர், யோகாசாரர், சௌத்திராந்திகர், வைபாடிகர் என்று நான்காக எண்ணுகிறார். ஏனெனில் அந்நால்வரும் பொருள்களின் உண்மையைப் பற்றி நான்கு வேறு முடிவு உடையவர்கள். புறச் சமயத்திலோ தருக்கம் இருக்கிறது, மீமாஞ்சை இருக்கிறது, சாங்கியம் இருக்கிறது. இன்று தருக்கத்தை நாம் தத்துவத் துறையில் பாடமாக வைக்கிறோம். 'என் மதம் தருக்கம்' என்று விண்ணப்பத்தில் எழுதும் மாணவரைக் கல்லூரி அலுவலர் திருப்பி அனுப்பிவிடுவார். அகச் சமயத்துக்கு வந்தால் ஆறும் சைவங்கள். ஒரே கோயிலில், ஒரே தீபாராதனையின்முன் கைகூப்பி நிற்கக்கூடிய இருவர், உயிர் முத்தியில் இறைவனோடு எவ்வாறு நிற்கும் என்பதில் மாறுபட்டால், முனிவர் கணக்கில் அவர்கள் வேறு வேறு சமயத்தார்.

இருப்பவற்றைக் கண்டோம், இல்லாதவை யாவை? பதினெட்டாம் நூற்றாண்டு நெல்லைச் சீமையில் இசுலாம் பல நூற்றாண்டு வேரூன்றிய ஒன்று, காயல்பட்டினம் சான்று. முத்துக்குளித்துறையில் சவேரியார் வந்திறங்கிய 1542-ஆம் ஆண்டு, முனிவர் காலத்திற்கு இருநூறு ஆண்டு முற்பட்டது. எனினும் இருபத்து நான்கினுள் இவ்விரண்டும் இல்லை. முனிவர் பிறந்த ஊருக்கு மேற்கே காட்டுக்குள் குடிகொண்டிருக்கும் சொரிமுத்து ஐயனாரும் இல்லை. மாடனும் பேச்சியும் இசக்கியும் இல்லை. அவர்களை அறியாதவரா முனிவர்? அந்த மண்ணில் பிறந்தவர் அறியாமல் இருந்திருக்க முடியாது. அவர்கள் அந்த அட்டவணைக்கு உரியவர்கள் அல்லர், அவ்வளவே. சமயம் என்பது அவருக்கு ஒரு வாதத்தில் எடுத்துக்கொண்ட நிலை. காரணம் காட்டி நிறுவப்படுவது, காரணம் காட்டி மறுக்கப்படுவது. ஐயனாருக்குப் பொங்கலிடுவதை எவர் மறுக்க முடியும்? மறுப்பதற்கு அதில் ஒரு மேற்கோள் இல்லையே.

'மதம்' என்ற சொல்லின் பழைய பொருளும் இதற்கு அண்மையதே. நன்னூல் படித்த மாணவர்கள் பாயிரத்தில் வரும் எழுவகை மதத்தை நினைவுகூரலாம். பிறர் கருத்துக்கு உடன்படல், அதை மறுத்தல், முதலில் உடன்பட்டுப் பின் மறுத்தல் என்று ஒரு நூலாசிரியன் கொள்ளும் நிலைகளையே பவணந்தியார் 'மதம்' என்கிறார். நெல்லைச் சங்கர நமச்சிவாயர் அந்நூலுக்கு எழுதிய விருத்தியுரையைத் திருத்தி விளக்கியவரும் நம் சிவஞான முனிவரே. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் சமயக் கணக்கர் பதின்மர் வருகின்றனர். அந்த வரிசை அளவைவாதியில் தொடங்கிப் பூதவாதியில் முடிகிறது. முதல்வர் அளவை இலக்கணம் பேசுபவர். கடைசியில் நிற்பவர் உலகாயதத்துக்கு உறவினர். நடுவே சைவவாதியும் வைணவவாதியும் வருகின்றனர். இவர்கள் அனைவரையும் ஒரு வரிசையில் நிறுத்தக்கூடிய சொல், ஆங்கிலத்தில் 'ரிலிஜன்' எனப்படும் சொல்லன்று.

அந்த ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. பழைய உரோமர் வழக்கில் 'ரிலிஜியோ' என்பது, செய்யவேண்டியதைப் பிழையின்றிச் செய்யவேண்டுமே என்ற அச்சம் கலந்த கவனத்தைக் குறித்தது. இடைக்காலத்தில் மடத்தில் வாழும் துறவியரின் ஒழுக்கத்தைக் குறித்தது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கிறித்தவம் பிளவுபட்டுப் போர் மூண்டபோதுதான், ஒரு வேதநூல், ஒரு கொள்கைத் தொகுதி, ஒரு சபை என்ற வடிவம் அச்சொல்லுக்கு இறுகியது. அந்த வடிவத்தோடு அது கப்பலேறி நம் கரைக்கு வந்தது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, அக்கால ஐரோப்பிய வழக்கப்படி, கிறித்தவர், யூதர், முகம்மதியர், அஞ்ஞானிகள் என்று உலகோரை நால்வகையாகவே அறிந்து வந்தவர். ஆயினும் அவர் உழைப்பாளி. கேட்டுக் கேட்டு எழுதியவர். தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு பற்றி 1713-இல் அவர் எழுதி முடித்த நூல் 1867-இல்தான் அச்சாயிற்று. அதில் ஐயனாருக்கும் ஊர்த் தேவதைகளுக்கும் இடம் உண்டு. முனிவர் விட்டதைப் பாதிரியார் எடுத்துக்கொண்டார். இருவரும் ஒன்றையே எண்ணவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி அந்த ஐயனாரிடமே செல்வோம். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து மேற்கே பாபநாசம். அங்கிருந்து மலைவழியே ஏறினால் காரையாறு. இன்று அக்காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துள் அடங்கியது. ஆடி அமாவாசையை ஒட்டிச் சில நாள்கள், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, மக்கள் அங்கே திரள்கின்றனர். ஐயனாருக்குச் சைவப் படையல். பரிவாரத் தெய்வங்களுக்கு ஆடும் கோழியும். சங்கிலி பூதத்தார் முன் சங்கிலியால் தம் உடம்பில் அடித்துக்கொள்வோர் ஒருபால். ஆற்றில் நின்று மூதாதையருக்கு எள்ளும் நீரும் இறைப்போர் ஒருபால். சிங்கம்பட்டிச் சமீன்தார் அரச உடையணிந்து கொலுவீற்றிருந்து காட்சி தருவதும் அவ்விழாவின் ஒரு கூறாக இருந்து வந்தது. சமீன்தாரி முறை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னும், 2020-இல் காலமான முருகதாஸ் தீர்த்தபதி அவ்வாறு வீற்றிருந்ததைப் பல்லாயிரவர் கண்டிருக்கின்றனர். நானும் ஒருமுறை கண்டேன். பட்டம் கட்டிய அரசர் முன் மக்கள் நின்றது அரசியலா, மதமா? ஆட்சி போன பின்னும் அந்தக் கொலு நின்றதே, அதற்கு என்ன பெயர்?

அவ்விழாவில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம், "எதற்காக ஆச்சி இவ்வளவு தொலைவு வருகிறீர்கள்?" என்று கேட்டேன். "எங்க சாஸ்தாவுல்லாய்யா! வராம எப்படி இருக்கது?" என்றார். அவர் சொன்ன 'எங்க' என்ற சொல்லில் ஒரு குடிவழி முழுவதும் அடங்கியிருந்தது. நெல்லைச் சீமையில் 'உங்களுக்கு எந்தச் சாஸ்தா?' என்ற கேள்வி நம்பிக்கையைப் பற்றியது அன்று. யார் யாருக்குப் பங்காளி, எந்த வீட்டில் பெண் எடுக்கலாம், எந்த வீட்டில் எடுக்கலாகாது என்பதை அறியும் கேள்வி அது. பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் கூடும் கூட்டம், எழுதப்படாத ஒரு குடும்பப் பதிவேடு. இதனை மதம் என்ற தலைப்பில் எழுதிவிட்டால், உறவுமுறையைப் பற்றிய இயலில் என்ன எழுதுவோம்?

அதே வளாகத்தில் பட்டவராயன் சந்நிதி இருக்கிறது. முத்துப்பட்டன் என்ற பிராமண இளைஞன், தோல் தொழில் செய்யும் வாலப்பகடையின் மக்கள் பொம்மக்கா, திம்மக்கா என்னும் இருவரைக் காட்டில் கண்டு காதலித்தான். பெண்களின் தந்தை இட்ட நிபந்தனைப்படி பூணூலைக் களைந்தான், குடுமியைக் களைந்தான், செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்றான். மணம் முடித்த சூட்டோடு, மாமனாரின் மாடுகளைக் கவர வந்த கள்வரோடு பொருது மாண்டான். இக்கதை வில்லுப்பாட்டாக நெல்லை முழுதும் பாடப்படுகிறது. பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் இதனை வெளியிட்டது. அப்பெண்கள் உண்மையில் பிராமணக் குலத்தில் பிறந்து, காட்டில் விடப்பட்டு, வாலப்பகடையால் வளர்க்கப்பட்டவர்கள் என்று கூறும் பாடங்களும் உள்ளன. ஏன் அந்தப் பிறப்புக்கதை சேர்க்கப்பட்டது என்பதைக் கேட்பவர் எளிதில் உணர்வர். சாதி கடந்த மணத்தைப் பொறுக்கமாட்டாதவர் செய்த வேலை அது என்பதே என் துணிபு.

இப்போது பட்டவராயனுக்கு இடும் காணிக்கையைக் கேளுங்கள்: செருப்பு. தோலால் தைத்த புதுச் செருப்பை அடியவர்கள் கொண்டுவந்து அவன் சந்நிதியில் கட்டுகின்றனர். பிரெஞ்சு அறிஞர் துர்க்கைம் 1912-இல் எழுதிய பெருநூலில், தூயதென ஒதுக்கி வைத்ததையும் அன்றாடத்ததையும் பிரிக்கும் கோடே மதத்தின் அடிப்படை என்றார். நம் நாட்டுக் கோயில் வாயில் ஒவ்வொன்றிலும் செருப்பைக் கழற்றி விடுகிறோம் அல்லவா, அந்தக் கோட்டை அங்கே காணலாம். பட்டவராயன் முன்னிலையில், வெளியே விடவேண்டிய பொருளே உள்ளே போகும் காணிக்கை. செருப்புத் தைக்கும் கை இழிந்த கை என்று ஊர் சொன்னதற்குக் காடு சொன்ன மறுமொழியாக அதை நான் கொள்கிறேன். இதை 'நாட்டார் மதம்' என்ற பெட்டிக்குள் போட்டு மூடினால், நூலகத்தில் அடுக்க வசதியாக இருக்கும். சாதியைப் பற்றிய அந்த மறுமொழி மட்டும் காதில் விழாமற் போகும். 'மதம்' என்ற சொல்லின்மீது எனக்குள்ள பெருங்குறை இதுவே.

பெட்டிகள் மாறிய கதையும் ஒன்று உண்டு. இடையன்குடியில் தொண்டாற்றிய கால்டுவெல் 1849-இல் வெளியிட்ட சிறு நூலில், தென்னெல்லை மக்கள் மாடனுக்கும் பேய்களுக்கும் செய்யும் வழிபாட்டை விரித்துரைத்து, அது பிராமணர் மதத்தினின்று முற்றும் வேறான பேய் வழிபாடு என்றார். அம்மக்களைப் பற்றி அவர் எழுதியவற்றுட் பல, அவர்களுடைய வழிவந்தவர்களின் கடும் கண்டனத்துக்கு ஆளாயின. பின்னர் 1881-இல் இந்தியா முழுவதற்கும் ஒரே காலத்தில் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதக் கட்டம் இருந்தது. மாடனை வழிபட்டவர்கள் 'இந்து' என்று குறிக்கப்பட்டனர். முப்பத்திரண்டு ஆண்டுகளில் மாடன் மாறவில்லை, கொடை மாறவில்லை, பெட்டியின் பெயர் மாறியது.

பொதியமலைக் காணி மக்களுக்கு நேர்ந்ததும் இதைப் போன்றதே. காட்டில் அவர்களைப் போன்று வாழும் குடிகளுக்கென்று ஆங்கிலேயர் காலக் கணக்கெடுப்புகளில் 'ஆவி வழிபாட்டினர்' என்ற பொருளுடைய தலைப்பு ஒன்று இருந்தது. ஆவிகளில் நம்பிக்கையே மதத்தின் மிகச் சுருங்கிய இலக்கணம் என்று டைலர் 1871-இல் எழுதியதன் நிழல் அத்தலைப்பில் விழுந்திருக்கிறது. 1931-இல் அது 'பழங்குடி மதம்' எனப்பட்டது. விடுதலைக்குப் பின் தனித் தலைப்பாக நிற்காமல் 'ஏனையவை'யுள் அடங்கியது. எழுதுபவர் எந்தக் கோடு போட்டார்? ஆற்றங்கரையில் ஐயனாரைக் கும்பிடும் காணிக்காரரையும், அதே ஐயனாரைக் கும்பிட அம்பாசமுத்திரத்திலிருந்து வரும் வேளாளரையும் எந்த இடத்தில் பிரிப்பது? கணக்கெடுப்பு அதிகாரிகளே இக்கோட்டைப் போடுவது அரிது என்று தம் அறிக்கைகளில் நொந்துகொண்டிருக்கின்றனர்.

கடையத்தை அடுத்த பொட்டல்புதூரில் முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசல் இருக்கிறது. தூணும் மண்டபமும் திராவிடக் கோயில் அமைப்பில் எழுந்த பள்ளி அது. கந்தூரிக்கு வருவோரில் எல்லா மதத்தாரும் உண்டு. இதைச் 'சமய நல்லிணக்கம்' என்று மேடையில் போற்றுகிறோம், போற்றுதற்குரியதே. ஆயினும் இரண்டு வேறு மதங்கள் அங்கே வந்து இணங்கின என்பது நம் பேச்சு. பிள்ளைக்கு நோய் தீர வேண்டிக்கொண்டு வரும் தாய்க்கு, தான் ஒரு கோட்டைத் தாண்டி வந்தோம் என்ற எண்ணமே இராது. நேர்த்திக்கடன் என்ற ஒரு சொல் அவளிடம் இருக்கிறது. அது கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் ஒரே பொருளில் பொருந்துகிறது. ஆராய்ச்சியாளனுக்கு மதத்தைவிட நேர்த்திக்கடன் பயனுள்ள சொல் என்று நான் துணிந்து சொல்வேன். ஏனெனில் அதில் செயல் இருக்கிறது, கொடுக்கல் வாங்கல் இருக்கிறது, காலவரை இருக்கிறது. சென்று கண்டு எழுதிவர முடியும்.

இங்கே எதிர்வாதி எழுவார். 'மதம் மேனாட்டுச் சொல் என்று தள்ளினால், பொருளாதாரம், பண்பாடு, சமுதாயம் என்பனவும் மேனாட்டுக் கருத்துகளே. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு எதைக்கொண்டு ஆராய்வது?' என்பார். இது வலிமையான வாதம். ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது அதன் குற்றம் ஆகாது. நம் 'சமயம்' மட்டும் நடுநிலையானதா? முனிவரின் வட்டங்களில் தம்முடைய சித்தாந்தமே நடுவில் இருக்கிறது. மற்றவை தொலைவுக்கேற்பத் தாழ்கின்றன. அதைக் கொண்டுபோய் இன்றைய பல்கலைக்கழகத்தில் அளவுகோலாக நிறுத்தச் சொல்பவன் நான் அல்லன். பிறந்த இடத்தையல்ல, செய்யும் வேலையைக் கொண்டே ஒரு சொல்லை மதிக்கவேண்டும். 'மதம்' என்ற சொல் உலகாயதத்தையும் தருக்கத்தையும் வெளியே தள்ளுகிறது; பட்டவராயன் செருப்பைச் சாதியிலிருந்து பிரிக்கிறது; சாஸ்தாவை உறவிலிருந்து பிரிக்கிறது; கொலுவை அரசிலிருந்து பிரிக்கிறது. பின்பு பிரித்தவற்றையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டுகிறது. வேலை சரியில்லை என்று சொல்கிறேன்.

பிட்ஜெரால்டு போன்றவர்களோடு நான் வேறுபடும் இடம் இனி வருவது. சொல் மழுங்கியது என்பதனால் அதைத் தூக்கி எறிந்துவிட முடியாது. ஏனெனில் அது அறிஞர் மேசையில் மட்டும் இருக்கும் சொல் அன்று. சட்டத்தில் இருக்கிறது, சான்றிதழில் இருக்கிறது, மாணவரின் உதவித்தொகையில் இருக்கிறது.

உடுப்பியிலுள்ள சிரூர் மடம், அக்காலச் சென்னை மாநிலத்துக்குள் அடங்கியது. அம்மடத்தின் தலைவர், 1951-ஆம் ஆண்டுச் சென்னை அறநிலையச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பு வழங்கியது. மதம் என்பது யாது என்று நீதிபதிகளே கேட்கவேண்டி வந்தது. கடவுள் நம்பிக்கையை இலக்கணமாக வைக்கலாகாது. பௌத்தமும் சமணமும் இந்நாட்டில் உள்ளனவே என்று அத்தீர்ப்பு எடுத்துக்காட்டிற்று. ஒரு மதத்தில் எது இன்றியமையாத கூறு என்பதை அம்மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறியவேண்டும் என்றும் கூறிற்று. அன்றுமுதல், 'இது இன்றியமையாததா, புறம்பானதா?' என்ற கேள்வி நீதிமன்றங்களில் ஓயவில்லை. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவும், மத வழக்கம் வேறு, அதனைச் சார்ந்த பொருளியல், அரசியல், உலகியல் செயல்கள் வேறு, பின்னவற்றை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்கிறது. பாபநாசத்தில் நீராடி, உடுத்த துணியை ஆற்றிலேயே விட்டுச் செல்லும் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். அந்தத் துணிகள் கல்லிடுக்குகளில் சிக்கி ஆற்றை மூச்சடைக்கச் செய்கின்றன. இது மத வழக்கம் என்றால் ஒரு வகையான தயக்கம். வெறும் பழக்கம் என்றால் வேறு வகையான நடவடிக்கை. மீனுக்கும் நீருக்கும் இரண்டும் ஒன்றே.

இன்னும் கூரிய எடுத்துக்காட்டு 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை. அட்டவணைச் சாதியினர் யாவர் என்று வரையறுக்கும் அவ்வாணை, முதலில் இந்து மதத்தாருக்கே அத்தகுதி உரியது என்றது. சீக்கியருள் ஒரு சில சாதியாரை மட்டும் விதிவிலக்காக ஏற்றது. 1956-இல் சீக்கியர் முழுமையாகச் சேர்க்கப்பட்டனர். 1990-இல் பௌத்தர் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முசுலிம்களும் சேர்க்கப்படவில்லை. நெல்லைச் சீமையில் ஒரே தெருவில், ஒரு தாத்தாவின் பேரப்பிள்ளைகளாய், ஒருவர் கோயிலுக்கும் ஒருவர் தேவாலயத்துக்கும் செல்லும் குடும்பங்கள் உண்டு. தேநீர்க் கடையில் இருவருக்கும் ஒரே தனிக் குவளை வைத்திருந்த காலத்தில், அக்குவளை அவர்கள் மதத்தைக் கேட்கவில்லை. சான்றிதழ் கேட்கிறது. ஒருவர் அட்டவணைச் சாதியினர்; தமிழ்நாட்டுப் பட்டியலின்படி மற்றவர் பிற்படுத்தப்பட்டோர். வன்கொடுமைத் தடைச் சட்டத்தின் காவலும், சட்டமன்றத்து ஒதுக்கீட்டுத் தொகுதியும் ஒருவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை. சாதி ஒரு மதத்துக்குள் மட்டும் வாழும் பொருள் என்று எண்ணியதால் வந்த விளைவு இது. அவ்வெண்ணம் 'மதம்' என்ற சொல்லைக் கேள்வியின்றி ஏற்றதிலிருந்து பிறந்தது. விண்ணப்பத்துக் கட்டத்தில் தயங்காமல் எழுதுபவர் பெரும்பாலோர் என்றேன், தயங்குபவர் இவர்கள்.

இதே சொல் சிலருக்குக் கேடயமாகவும் இருக்கிறது. சிறுபான்மையினர் தம் கல்விக்கூடங்களை நடத்தும் உரிமை இச்சொல்லைப் பற்றியே நிற்கிறது. வடக்கே சார்க்கண்டு சட்டமன்றம் 2020-இல், பழங்குடி மக்களின் சர்ணா வழிபாட்டுக்குக் கணக்கெடுப்பில் தனிக் கட்டம் வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றியது. ஆராய்ச்சியாளர் வேண்டாம் என்று தள்ளும் கட்டத்தை அம்மக்கள் வேண்டும் என்று கேட்கின்றனர். அவர்களிடம் போய், 'இச்சொல் மழுங்கியது' என்று சொல்வது நகைப்புக்கு இடமாகும்.

ஆகவே என் முடிவு இது: ஆராயும் கருவியாக 'மதம்' வேண்டா; ஆராயப்படும் பொருளாக அது வேண்டும். யார், எப்போது, எந்த ஏட்டில், யாரை, என்ன மதம் என்று எழுதினார், அதனால் யாருக்கு என்ன வந்தது, யாருக்கு என்ன போயிற்று என்பது நல்ல ஆராய்ச்சி. பொதியமலையில் இருப்பது என்ன மதம் என்பது பயனற்ற ஆராய்ச்சி. அகத்தியர் பொதியிலில் சிவனடியாராய் இருந்தார் என்பது ஒரு மரபு. அவர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்று வீரசோழியம் பாடிய பௌத்தர் புத்தமித்திரர் பதினோராம் நூற்றாண்டில் எழுதிவைத்தது மற்றொரு மரபு. மலை ஒன்றே, அருவியும் ஒன்றே.

அடுத்த ஆடி அமாவாசைக்குக் காரையாறு செல்லும் மாணவர் எவரேனும் இதைப் படித்திருந்தால், அவருக்கு ஒரு வேண்டுகோள். குறிப்பேட்டின் முதல் ஏட்டில் தலைப்பு எதுவும் எழுதவேண்டா. எந்த ஊரிலிருந்து எத்தனை வண்டி வந்தது, எந்தக் குடும்பம் எந்த மரத்தடியில் தங்குகிறது, அவ்விடம் அவர்களுக்கு எப்படி வந்தது, ஆட்டை அறுப்பவர் யார், முதல் பங்கு யாருக்குப் போகிறது, வனத்துறையார் எதைத் தடுக்கின்றனர், பட்டவராயனுக்குக் கட்டிய செருப்பைத் தைத்தவர் யார், அவருக்குக் கொடுத்த கூலி எவ்வளவு என்பவற்றை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.